சிம்ஹத் தோரா: மூடிய நூலைத் தோளில் ஏந்தி ஆடும் திருநாள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொச்சிக்குப் போய் மட்டாஞ்சேரி யூத ஜெபாலயத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் நீலமும் வெள்ளையுமான சீனத் தரையோடுகளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பேழைக்குள் இருக்கும், தோரா என்ற மறைநூலை எழுதிய தோல்சுருள்களைப் பற்றியும், ஆண்டுக்கு ஒருமுறை அவற்றை வெளியே எடுத்துக் கொண்டாடுவதைப் பற்றியும் கேட்பவர்கள் குறைவு. அந்தச் சிலருக்காக இந்தப் பக்கம்.

சிம்ஹத் தோரா என்றால் என்ன?

எபிரேயத்தில் 'சிம்ஹா' என்றால் மகிழ்ச்சி. 'தோரா' என்பது மோசேயின் ஐந்து நூல்கள். தமிழ் வேதாகமம் படித்தவர்கள் ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம் என்று அறிந்தவை. ஓராண்டாக வாரந்தோறும் ஓய்வுநாளான சனிக்கிழமையில் ஒவ்வொரு பகுதியாக வாசித்து வந்த இந்த நூல் அன்றைக்கு முடிகிறது. முடிந்த கையோடு முதல் வரியிலிருந்து மறுபடியும் தொடங்கிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒருநாள் இடைவெளிகூடக் கிடையாது. அந்த முடிவையும் தொடக்கத்தையும் சேர்த்து ஆடிப் பாடிக் கொண்டாடுவதே சிம்ஹத் தோரா. கிழக்கு ஐரோப்பிய வழிவந்த முதியவர்கள் 'சிம்ஹஸ் தோரா' என்பார்கள், இரண்டும் ஒன்றுதான்.

எந்த நாளில் வருகிறது?

யூத நாட்காட்டியின் திஷ்ரி மாதத்தில், ஏழுநாள் கூடாரப் பண்டிகை முடிந்தவுடன். நம் கணக்கில் செப்டம்பர் இறுதியிலிருந்து அக்டோபர் இறுதிக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். இஸ்ரேலில் திஷ்ரி 22. மற்ற நாடுகளில் பெரும்பாலும் திஷ்ரி 23. 2026இல் இஸ்ரேலில் அக்டோபர் 3, வெளியே அக்டோபர் 4. யூதர்களுக்கு நாள் சூரியன் மறைந்ததும் பிறப்பதால், கொண்டாட்டம் முந்தைய மாலையே தொடங்கிவிடும்.

ஒரே திருநாளுக்கு இரண்டு தேதிகள் ஏன்?

பிறை பார்த்து மாதம் அறிவித்த காலத்தின் எச்சம் அது. எருசலேமில் பிறை கண்ட செய்தி தொலைதூர ஊர்களுக்கு உரிய நேரத்தில் போய்ச்சேராது. தவறிவிடக் கூடாதே என்று அங்கிருந்தவர்கள் ஒவ்வொரு பெருநாளையும் இரண்டு நாள் கொண்டாடினார்கள். கணக்கிட்ட நாட்காட்டி வந்து நூற்றாண்டுகள் ஆன பிறகும் பழக்கம் நிலைத்துவிட்டது. கூடாரப் பண்டிகையை ஒட்டி வரும் எட்டாம் நாள் கூடுகைக்கு 'ஷெமினி அட்சேரெத்' என்று பெயர். இஸ்ரேலில் அதுவும் சிம்ஹத் தோராவும் ஒரே நாள். வெளிநாடுகளில் அந்த எட்டாம் நாளின் இரண்டாம் நாளே சிம்ஹத் தோரா.

அந்த எட்டாம் நாளுக்கு உரையாசிரியர்கள் ஒரு விளக்கம் தருகிறார்கள். விருந்து முடிந்து பிள்ளைகள் புறப்படும்போது ஓர் அரசன், 'உங்களைப் பிரிவது எனக்குக் கடினமாக இருக்கிறது, இன்னும் ஒருநாள் இருந்துவிட்டுப் போங்கள்' என்றானாம். ஊருக்குக் கிளம்பும் பிள்ளைகளை வாசல்வரை வந்து நிறுத்தும் எந்த வீட்டுக்கும் இதற்கு உரை தேவையில்லை.

இந்தத் திருநாள் தோராவிலேயே சொல்லப்பட்டிருக்கிறதா?

இல்லை. எட்டாம் நாள் கூடுகை தோராவில் இருக்கிறது. சிம்ஹத் தோரா என்ற பெயர் தோராவிலும் இல்லை, யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தல்மூதிலும் இல்லை. இது மக்கள் வளர்த்தெடுத்த விழா. பழங்காலத்தில் நூலை வாசித்து முடிப்பதில் இரண்டு மரபுகள் இருந்தன. பாபிலோனில் இருந்த யூதர்கள் 54 பகுதிகளாகப் பிரித்து ஓராண்டில் முடித்தார்கள். இஸ்ரேல் நாட்டு மரபில் மூன்றாண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். ஆண்டுதோறும் முடித்தால்தானே ஆண்டுதோறும் விழா எடுக்க முடியும்? எனவே சிம்ஹத் தோரா பாபிலோன் மரபின் பிள்ளை. பிற்பாடு அந்த மரபே எங்கும் பரவியது.

12ஆம் நூற்றாண்டில் உலகம் சுற்றிய ஸ்பானிய யூதர், டுடேலா ஊர் பென்யமின், எகிப்தில் இரு மரபினரும் தனித்தனி ஜெபாலயம் வைத்திருந்ததைப் பார்த்து எழுதியிருக்கிறார். ஒருவர் ஓராண்டில் முடிக்கிறார், மற்றவர் மூன்றாண்டில். ஆனாலும் சிம்ஹத் தோரா அன்று இரு தரப்பாரும் ஒன்றாகக் கூடித் தொழுதார்களாம். தங்கள் கணக்கில் நூல் பாதியில் நிற்கும்போது, முடித்துவிட்ட பக்கத்துவீட்டாரின் மகிழ்ச்சியில் போய்ச் சேர்ந்துகொண்டவர்களை எனக்குப் பிடித்திருக்கிறது.

அன்றைக்கு என்னதான் நடக்கும்?

மாலையில் பேழையைத் திறந்து உள்ளே இருக்கும் சுருள்கள் அனைத்தையும் வெளியே எடுக்கிறார்கள். மற்ற நாட்களில் தேவையான ஒன்றோ இரண்டோதான் வெளியே வரும். அன்று பேழை காலியாகிவிடும். சுருள்களை ஏந்தியவர்கள் நடுவிலுள்ள வாசிப்பு மேடையை ஏழு முறை சுற்றி வருகிறார்கள். இந்தச் சுற்றுக்கு 'ஹக்காஃபா' என்று பெயர். 16ஆம் நூற்றாண்டில் கலிலேயாவின் சஃபேத் நகரில் வாழ்ந்த ஞானியரின் வழியாக இந்த ஏழு சுற்று வழக்கம் வலுப்பெற்றது.

ஏழு சுற்று என்றால் அரைமணியில் முடிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு சுற்றும் முறைப்படி சில வரி வேண்டுதலோடு தொடங்கி, பிறகு பாட்டாகி, கைகோத்த வட்டமாகி, வட்டத்துக்குள் வட்டமாகிவிடும். பிள்ளைகள் அப்பாக்களின் தோளில் ஏறிக்கொள்வார்கள். ஒருவர் களைத்ததும் சுருள் இன்னொருவர் கைக்கு மாறும். பெரிய சுருள் பத்துக் கிலோவுக்கும் மேல் எடை இருக்கும். அதைத் தோளில் சாய்த்து அணைத்தபடி ஆடுவது, உறங்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆடுவதைப் போலத்தான். சில ஊர்களில் நள்ளிரவு தாண்டியும் நீளும். காலையில் மறுபடியும் ஏழு சுற்று.

யூத மதத்தில் திருநாட்களில் ஆடக் கூடாது என்று கேள்விப்பட்டேனே?

சரியாகத்தான் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். பழைய சட்டத்தொகுப்பான மிஷ்னா, திருநாளில் கைதட்டுவதையும் ஆடுவதையும் தடுக்கிறது. ஆட்டம் சூடுபிடித்தால் வாத்தியம் தேடுவார்கள், வாத்தியம் பழுதானால் திருநாளிலேயே உட்கார்ந்து சரிசெய்யத் தொடங்கிவிடுவார்கள் என்ற முன்னெச்சரிக்கை. ஆனால் தோராவின் பெருமைக்காக அன்று மட்டும் ஆடலாம் என்று பாபிலோன் காலத்துத் தலைமை ஆசான்களே விலக்கு அளித்துவிட்டார்கள். வாத்தியத்துக்கு மட்டும் மரபுவழி ஜெபாலயங்களில் இன்றும் இடமில்லை, தொண்டையும் பாதமும்தான். இஸ்ரேலில் திருநாள் முடிந்த இரவில் 'இரண்டாம் சுற்று' என்று ஊர்ச் சதுக்கங்களில் வாத்தியக் குழுவோடு மறுபடியும் ஆடி அந்தக் குறையையும் தீர்த்துக்கொள்கிறார்கள்.

ஆடும்போது நூலை வாசிப்பதில்லையா?

இல்லை. இந்த விழாவில் என்னை நிறுத்தி யோசிக்கவைத்த இடம் இதுதான். யூதர்கள் படிப்பைப் பெரிதாக மதிப்பவர்கள்; யார் எவ்வளவு கற்றார் என்ற தரவரிசை அவர்களுக்குள் என்றைக்கும் உண்டு. அந்தச் சமூகம் தன் நூலைக் கொண்டாடும் நாளில், அதை மூடி, வெல்வெட் உறை போட்டு, வெள்ளி மகுடம் சூட்டித் தோளில் வைத்துக்கொண்டு ஆடுகிறது. மூடிய நூலுக்கு முன்னால் தல்மூது கரைத்துக் குடித்த ரபியும் (யூத மதகுரு) எழுத்துக்கூட்டத் தெரியாத வண்டிக்காரரும் ஒன்றுதான். ஹசிதியம் என்ற யூத பக்தி இயக்கத்தின் ஆசான்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். நூலைப் புரிந்துகொள்வதில் உயர்வு தாழ்வு இருக்கலாம், சுமப்பதில் இல்லை.

அப்படியானால் வாசிப்பு எப்போது?

காலையில், சுற்றுகள் முடிந்த பிறகு. மூன்று சுருள்களை எடுத்துக்கொள்கிறார்கள். முதல் சுருளில் உபாகமத்தின் கடைசிப் பகுதி, 33ஆம் 34ஆம் அதிகாரங்கள். 54 பகுதிகளில் இது ஒன்றுதான் ஓய்வுநாள் வரிசையில் சேராமல் இந்தத் திருநாளுக்கென்றே ஒதுக்கி வைக்கப்பட்டது. இரண்டாவது சுருளில் ஆதியாகமத்தின் தொடக்கம், படைப்பின் ஏழு நாட்கள். மூன்றாவதில் அன்றைய பலிகளைச் சொல்லும் எண்ணாகமப் பகுதி.

ஒரே சுருளில் கடைசியிலிருந்து முதலுக்குத் திருப்பினால் போதாதா என்று கேட்கலாம். புத்தகமாக இருந்தால் பக்கத்தைப் புரட்டிவிடலாம். இது 3,04,805 எழுத்துகளைக் கையால் எழுதிய நெடுஞ்சுருள். முழுவதையும் பின்னோக்கிச் சுற்றி முடிப்பதற்குள் கூட்டம் கலைந்துவிடும்.

வாசித்தபின் சுருளைத் திறந்தபடியே உயர்த்திக் கூட்டத்துக்குக் காட்டுவது வழக்கம். ஆண்டின் நடுவில் வரும் வாரங்களில் இரண்டு உருளைகளிலும் தோல் ஏறக்குறையப் பங்கிட்டுச் சுற்றியிருக்கும். அன்று நூல் முடிந்துவிட்டதால் எடை முழுவதும் வலப்பக்க உருளையில். இடப்பக்கம் ஏறத்தாழ வெறும் கட்டைதான். சில சபைகளில் அதையும் கைகளைக் குறுக்காகப் பின்னிப் பிடித்துத் தூக்க வேண்டும். தூக்குகிறவரின் மணிக்கட்டு நடுங்குவதைக் கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். தோரா சுருளைக் கீழே தவறவிட்டால் நோன்பிருந்து கழிக்கும் வழக்கம் உண்டு. எனவே இந்த வேலைக்கு எவரும் முந்தியடித்துக்கொண்டு வருவதில்லை.

நூல் எப்படி முடிகிறது?

சோகமாக. 120 வயதான மோசே, நேபோ மலையில் ஏறி நின்று, வாக்களிக்கப்பட்ட நாட்டைக் கண்ணால் பார்த்துவிட்டு, உள்ளே கால் வைக்காமலே இறந்துபோகிறார். அவருடைய கல்லறை எங்கே என்பதும் யாருக்கும் தெரியாது. தோராவை எழுதியவர் மோசே என்றால் தன் சாவை அவரே எப்படி எழுதினார் என்ற கேள்வி தல்மூதிலேயே எழுகிறது. கடைசி எட்டு வசனங்களை யோசுவா எழுதினார் என்பது ஒரு பதில்; இறைவன் சொல்லச் சொல்ல மோசே கண்ணீரோடு எழுதினார் என்பது இன்னொன்று.

கதையாக நினைத்தால் அடுத்து யோசுவா மக்களை நாட்டுக்குள் அழைத்துப்போக வேண்டும். அந்த நூலின் தொடக்கமும் அன்று தீர்க்கதரிசிகள் வாசிப்பாகச் சிறிது வாசிக்கப்படுகிறது. ஆனால் தோரா அங்கே போவதில்லை. எல்லையில் நின்றபடியே முதலுக்குத் திரும்பிவிடுகிறது. இறப்பை வாசித்த சில நிமிடங்களில் 'ஆதியிலே' என்று குரல் எழுகிறது. 'சாயங்காலமும் விடியற்காலமுமாகி' என்ற வரி வரும்போதெல்லாம் கூட்டமே சேர்ந்து முழங்கும். கண்ணீரின் ஈரம் கலந்த உற்சாகம் அது. சற்றுமுன் மோசேக்காகத் தொண்டை அடைத்தவர்களின் குரல்.

எபிரேய எழுத்து தெரிந்தவர்கள் இன்னொன்றையும் ரசிப்பார்கள். தோராவின் கடைசிச் சொல் 'இஸ்ராயேல்', கடைசி எழுத்து லாமெத். முதல் சொல் 'பெரேஷித்', முதல் எழுத்து பேத். முடிவையும் தொடக்கத்தையும் ஒட்டினால் 'லேவ்' என்ற சொல் கிடைக்கிறது. பொருள் இதயம்.

'தோராவின் மாப்பிள்ளை' என்று யாரைச் சொல்கிறார்கள்?

கடைசிப் பகுதிக்கு அழைக்கப்படுபவர் 'ஹத்தான் தோரா', தோராவின் மணமகன். ஆதியாகமத்தின் தொடக்கத்துக்கு அழைக்கப்படுபவர் 'ஹத்தான் பெரேஷித்'. பெரிய மரியாதை. பல சபைகளில் இதை ஏலத்தில் விடுவார்கள். தொகை ஜெபாலய நிதிக்கு. திருநாளில் காசைத் தொடக் கூடாது என்பதால் ஏலம் வாய்வார்த்தையில் நடக்கும், பணம் பிற்பாடு வரும். மணமகன்கள் சபைக்கு விருந்து வைக்க வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம்.

மற்றவர்களுக்கும் ஏமாற்றம் இல்லை. ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்து, வந்திருக்கும் எல்லோரையும் ஆளுக்கொரு முறை மேடைக்கு அழைத்துவிடுவார்கள்.

குழந்தைகளுக்கு என்ன?

ஆண்டு முழுவதும் 'சத்தம் போடாதே' என்று அடக்கப்பட்ட பிள்ளைகளுக்கு அன்று ஜெபாலயமே சொந்தம். கையில் காகிதக் கொடி. அதன் நுனியில் ஓர் ஆப்பிளைச் செருகி, ஆப்பிளில் மெழுகுவர்த்தி ஏற்றுவது ஐரோப்பிய யூதர்களின் பழைய வழக்கம். தீயும் ஓடும் பிள்ளைகளும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பெற்றோருக்குப் புரிந்தபின் மெழுகுவர்த்தி மெல்ல மறைந்தது. மிட்டாய் மட்டும் குறையவில்லை.

காலை வாசிப்பில் ஒரு கட்டம் வருகிறது. பதின்மூன்று வயது நிரம்பாத பிள்ளைகள் எல்லோரையும் மேடைக்கு அழைக்கிறார்கள். நான்கு பெரியவர்கள் ஒரு பெரிய ஜெபப் போர்வையைப் பந்தல்போல விரித்துப் பிடிக்க, அதன் கீழே பிள்ளைகள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். கைக்குழந்தையை இடுக்கிய அண்ணன், மிட்டாய் ஒட்டிய விரல்கள், போர்வையின் குஞ்சத்தைப் பிடித்து இழுக்கும் வாண்டு. மூத்தவர் ஒருவர் ஆசீர்வாத வரிகளைச் சொல்ல, பிள்ளைகள் சேர்ந்து சொல்கிறார்கள். பிறகு யாக்கோபு தன் பேரப்பிள்ளைகளை வாழ்த்திய வசனத்தை அவர்கள் தலைமேல் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் பெரியவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மது உண்டா?

உண்டு, சில இடங்களில் சற்றுத் தாராளமாகவே. ஆண்டின் மற்ற பெருநாட்களில் பிற்பகுதித் தொழுகையின்போது குருமரபினர் மக்களை ஆசீர்வதிப்பார்கள். சிம்ஹத் தோராவில் பல சபைகள் அதை முற்பகுதிக்கே மாற்றிவிட்டன. பிற்பகுதிக்குள் ஆசீர்வதிக்க வேண்டியவர்கள் நிதானத்தில் இருப்பார்களா என்ற ஐயம்தான் காரணம். மனித இயல்பை ஒளிவுமறைவின்றி ஏற்றுக்கொண்டு அட்டவணையைத் திருத்திய இந்த நேர்மைக்கு ஒரு வணக்கம்.

பார்ப்பவர்களுக்கு இது கூச்சல் குழப்பமாகத் தெரியாதா?

தெரிந்திருக்கிறது. 1663 அக்டோபர் 14 அன்று லண்டனின் கிரீசர்ச் சந்தில் இருந்த ஜெபாலயத்துக்கு சாமுவேல் பீப்ஸ் என்ற கடற்படை அதிகாரி மனைவியோடு போனார். அன்று சிம்ஹத் தோரா என்பது அவருக்குத் தெரியாது. சிரிப்பும் விளையாட்டும் ஒழுங்கின்மையுமாக இருந்ததைப் பார்த்து அதிர்ந்துபோய், ஒரு மதத்தை இவ்வளவு அபத்தமாகக் கடைப்பிடிக்க முடியும் என்று நினைத்துப் பார்த்ததே இல்லை என்ற பொருளில் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். கல்யாண வீட்டுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டு, இந்த வீட்டில் தினமும் இப்படித்தான் சாப்பிடுவார்கள் என்று முடிவுகட்டியவரின் கதை.

பெண்கள் ஆடுவார்களா?

சபையைப் பொறுத்தது. சீர்திருத்த சபைகளில் எல்லோரும் ஒன்றாக ஆடுகிறார்கள், பெண்களும் சுருளை ஏந்துகிறார்கள். மரபுவழி சபைகளில் நெடுங்காலம் பெண்கள் மாடத்திலிருந்து பார்ப்பதோடு சரி. இப்போது அவற்றில் சில, பெண்கள் பகுதிக்கும் சுருளைக் கொடுத்தனுப்புகின்றன. வேறு சில மறுக்கின்றன. வாக்குவாதம் இன்னும் தீரவில்லை. மூடிய நூலின் முன் எல்லோரும் சமம் என்று சொல்லிவிட்டு, பாதிப் பேரை மாடத்தில் உட்காரவைப்பது எனக்கு முரணாகவே படுகிறது.

கொச்சியில் எப்படிக் கொண்டாடினார்கள்?

கொச்சி யூதர்களின் ஆண்டில் உச்சமான நாட்களுள் ஒன்று இது. மட்டாஞ்சேரி ஜெபாலயம் 1568இல் கட்டப்பட்டது. அதன் பெயர் 'பரதேசி' ஜெபாலயம். தமிழில் வசைச்சொல்லாகிவிட்ட அந்தச் சொல்லுக்கு அங்கே பழைய பொருள்தான்: வேற்றுநாட்டிலிருந்து வந்தவர்.

வேறு எங்கும் காணாத வழக்கங்கள் அங்கே இருந்தன. நிரந்தரப் பேழைக்கு முன்னால் தற்காலிகப் பேழை ஒன்றை அமைத்து, சுருள்களை அலங்கரித்து அதில் வைப்பார்கள். திருவிதாங்கூர் மன்னர் அளித்த தங்க மகுடம் இந்த ஜெபாலயத்தின் சொத்து. முற்றத்தில் அடுக்கடுக்காகத் தேங்காயெண்ணெய் விளக்குகள். பிற்பகலில் சுருள்களோடு ஜெபாலயத்துக்கு வெளியே வந்து கட்டடத்தைச் சுற்றி வலம் வருவார்கள். விழா முடிந்ததும் தற்காலிகப் பேழையைச் சடங்காகவே பிரித்துப்போடுவார்கள். இறைவடிவை வெளியே எடுத்து வலம் வருவதைத் தினம் பார்த்து வளர்ந்த ஊரில், நூலும் வெளியே வந்து வலம் வந்ததில் வியப்பில்லை.

1950களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் ஜெபாலயத்தின் மரவேலைகள் இன்று எருசலேமிலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

சோவியத் ரஷ்யாவில் இந்த நாளுக்கு ஏன் தனி இடம்?

எபிரேயம் கற்பிப்பதே குற்றம்போல் கருதப்பட்ட நாடு அது. இரண்டு தலைமுறைகளுக்கு மறைநூல் என்றால் என்னவென்றே தெரியாமல் போயிற்று. ஆனாலும் 1960களில் சிம்ஹத் தோரா இரவுகளில் மாஸ்கோவின் பெரிய ஜெபாலயத்துக்கு வெளியே, அர்க்கிபோவா தெருவில், ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கூடிப் பாடி ஆடத் தொடங்கினார்கள். உளவுத்துறை ஆட்கள் பார்த்துக்கொண்டிருப்பதும் அவர்களுக்குத் தெரியும். 1965இல் அங்கே போன எழுத்தாளர் எலீ வீசல் அந்தக் காட்சியை உலகுக்குச் சொன்னார்.

அவர்கள் ஏன் நோன்பு நாளையோ புத்தாண்டையோ தேர்ந்தெடுக்கவில்லை? அவற்றுக்கு ஜெபம் தெரிய வேண்டும். இதற்குப் பக்கத்தில் நிற்பவரின் கையைப் பிடித்துக்கொள்ளத் தெரிந்தால் போதும். நூலை ஒரு வரிகூட வாசிக்க முடியாதவர்கள் அதற்காக ஆடினார்கள்.

2023 அக்டோபர் 7 தாக்குதல் இந்த நாளில்தானே நடந்தது?

ஆம். இஸ்ரேலில் அன்று சிம்ஹத் தோரா, அத்தோடு ஓய்வுநாளும்கூட. ஹமாஸ் தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், 251 பேர் கடத்தப்பட்டார்கள். தொடர்ந்து காசாவில் நடந்த போரில் பல்லாயிரம் பாலஸ்தீனர்கள் உயிரிழந்தார்கள். மறு ஆண்டு ஆடுவதா வேண்டாமா என்ற கேள்வி ஒவ்வொரு ஜெபாலயத்திலும் எழுந்தது. சிலர் ஒரு சுற்றை மௌனமாக நடந்தார்கள். சிலர் துயரப்பாட்டுக்கு ஒரு சுற்றை ஒதுக்கினார்கள். திருநாளோடு மோதாமல் இருக்க, அரசு நினைவுநாளை இரண்டு நாள் தள்ளி திஷ்ரி 24இல் வைத்தார்கள். 2025இல் உயிரோடிருந்த கடைசி 20 பிணையாளிகள் அக்டோபர் 13 அன்று விடுவிக்கப்பட்டார்கள். அன்று மாலைதான் இஸ்ரேலில் சிம்ஹத் தோரா பிறந்தது.

யூதர் அல்லாதவர் போய்ப் பார்க்கலாமா?

பெரும்பாலான சபைகளில் பார்க்கலாம். பாதுகாப்புக் காரணங்களால் முன்கூட்டியே தெரிவித்துவிட்டுப் போவது நல்லது. ஆண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும். வாசலிலேயே சிறு குல்லாய் கிடைக்கும். மரபுவழி சபை என்றால் திருநாளில் படம் எடுக்கக் கூடாது, கைபேசியை வெளியே எடுக்காதீர்கள். சுருள் பக்கத்தில் வரும்போது அவர்கள் உறையைத் தொட்டு விரலை முத்தமிடுவார்கள். உள்ளிருக்கும் தோலை அவர்களே வெறுங்கையால் தொடுவதில்லை, வாசிக்கும்போதும் கை வடிவக் கோலால்தான் வரியைச் சுட்டுவார்கள். வாழ்த்துச் சொல்ல 'ஹக் சமேயஹ்' (இனிய திருநாள்) போதும். வட்டத்திலிருந்து ஒரு கை நீண்டு உங்களை உள்ளே இழுத்தால், பாட்டு தெரியாதே என்று தயங்க வேண்டாம். வசதியான செருப்பு போட்டுக்கொண்டு போங்கள்.